ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டே விமானப்படை ரிசர்வ் அதிகாரி ஆக முடியுமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அத்தை மகனின் பக்கத்து வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்க்கிறார், அதே சமயம் விமானப்படை ரிசர்வில், அதாவது தேவைப்படும்போது அழைக்கப்படும் பகுதிநேரப் படையில், கர்னலாகவும் இருக்கிறார். அது எப்படி, அந்த இடத்துக்கு வர எத்தனை வருடம் ஆகும், இங்கே அப்படி வழி உண்டா என்று கேட்கிறீர்கள். கூடவே உங்களுக்கு 27 வயது, பி.இ. மெக்கானிக்கல், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, காவேரிப்பட்டணம் பக்கம் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு, தம்பி பி.எஸ்சி. இரண்டாம் வருடம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அந்தப் பின்பாதியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வேலையை விடாமல், தோப்பையும் அப்பாவையும் விடாமல், சீருடை போட முடியுமா? அதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

என்னைப் பற்றி ஒரு வரி. இந்திய விமானப்படையில் தரைப்பணிப் பிரிவில் அதிகாரியாக இருந்து விங் கமாண்டராக ஓய்வு பெற்றேன். இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். ஞாயிறு காலைகளில் எஸ்.எஸ்.பி., அதாவது படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். இந்தியப் பக்கம் நான் சொல்வது வாழ்ந்து தெரிந்துகொண்டது. அமெரிக்கப் பக்கம் சொல்வது, கூட்டுப் பயிற்சிகளில் அவர்களோடு பழகியும் அவர்களுடைய விதிகளைப் படித்தும் தெரிந்துகொண்டது. அங்கே நான் வேலை பார்த்ததில்லை. படிக்கும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பதவிப் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்க விமானப்படை, தரைப்படைப் பதவிப் பெயர்களையே வைத்திருக்கிறது: செகண்ட் லெப்டினன்ட், ஃபர்ஸ்ட் லெப்டினன்ட், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், அதற்கு மேல் ஜெனரல்கள். நம்முடையது பிரிட்டிஷ் வழி: ஃப்ளையிங் ஆபீசர், ஃப்ளைட் லெப்டினன்ட், ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர், குரூப் கேப்டன், ஏர் கமோடோர், ஏர் வைஸ் மார்ஷல், ஏர் மார்ஷல். உங்கள் அத்தை மகன் சொன்ன கர்னல் நமக்கு குரூப் கேப்டன். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'விங் கமாண்டர்' என்பது நமக்குப் பதவிநிலை. அவர்களுக்கு அது ஒரு நாற்காலி, அதாவது விங் என்ற பெரிய பிரிவு முழுவதற்கும் தலைவர். அதில் பெரும்பாலும் கர்னல் உட்கார்ந்திருப்பார். என்னை முதன்முதலில் சந்தித்த அமெரிக்கர் ஒருவர் அந்த அளவுக்குப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு வணக்கம் வைத்தார், விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, அவர்களுடைய ரிசர்வ். அமெரிக்க விமானப்படை ரிசர்வ் 1948-ல் தொடங்கியது. 1997-ல் அது தனிக் கமாண்ட், அதாவது விமானப்படைக்குள் ஒரு தனிப் பெரும் பிரிவு ஆனது, தலைமையகம் ஜார்ஜியா மாநிலத்தில் ராபின்ஸ் விமானப்படைத் தளம். சாதாரண ரிசர்வ் ஆளுக்கு அடிப்படைக் கடமை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு, வருடத்தில் இரண்டு வாரம். இதைக் கேட்டவுடன் நம் ஊரில் என்.சி.சி. மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. பல தளங்களில் ரிசர்வ் ஆட்களும் முழுநேர ஆட்களும் ஒரே விமானங்களை மாறி மாறி ஓட்டுகிறார்கள். மிசிசிப்பியில் கீஸ்லர் தளத்தில் ஒரு ஸ்குவாட்ரன், அதாவது ஒரு விமானப் பிரிவு, அட்லாண்டிக் புயலின் கண்ணுக்குள்ளேயே விமானத்தை ஓட்டிப் போய்க் காற்றழுத்தம் அளந்து வருகிறது. அது முழுக்க ரிசர்வ் ஸ்குவாட்ரன்.

இந்த ஏற்பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது ஒரு காகிதத்தைப் பார்த்தபோது. வடக்கே ஒரு தளத்தில் கூட்டுப் பயிற்சி. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கூட இருந்த அமெரிக்கர் ஒருவர் ரிசர்வ் லெப்டினன்ட் கர்னல், ஊரில் சரக்கு விமானக் கம்பெனி ஒன்றில் விமானி. பேச்சு ஓய்வூதியத்துக்குப் போனதும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வருடத்துக்கு ஒரு வரி, வரிக்கு நாலைந்து எண்கள். 77, 81, 79, 112 என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் ஒரு இடத்தில் 49. அந்த எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். அந்த வருடம் அவர் மகள் குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையிலேயே இருந்தாளாம், பல சனி, ஞாயிறுகள் அவர் போகவில்லை. வருடத்துக்கு 50 புள்ளி வந்தால்தான் அது நிறைவான ஆண்டு. அப்படி 20 ஆண்டு சேர்ந்தால்தான் ஓய்வூதியம். ஒரே ஒரு புள்ளியில் ஒரு வருடம் கணக்கிலிருந்து போய்விட்டது. சேர்த்த 49 புள்ளி தொகைக் கணக்கில் இருக்கும், ஆனால் அந்த வருடத்தை இன்னொரு வருடம் போட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும்.

புள்ளிக் கணக்கு இதுதான். ரிசர்வில் பெயர் இருப்பதற்கே வருடம் 15. ஒரு சனி, ஞாயிறு வேலைக்கு 4 புள்ளி, பன்னிரண்டு மாதத்துக்கு 48. இரண்டு வார முழுநேரப் பயிற்சிக்கு நாளுக்கு ஒன்று, 14. ஆக 77. மொத்தப் புள்ளியை 360-ஆல் வகுத்தால் எத்தனை வருட முழுநேரச் சேவைக்குச் சமம் என்று வரும். பழைய திட்டத்தில் அதை 2.5 சதவீதத்தால் பெருக்கினால் ஓய்வூதிய விகிதம், 2018-லிருந்து சேர்ந்தவர்களுக்கு 2 சதவீதம். எட்டு வருடம் முழுநேரமாக இருந்துவிட்டு 14 வருடம் ரிசர்வில் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முழுநேரத்தில் 2,920, ரிசர்வில் 1,078, மொத்தம் ஏறக்குறைய 4,000 புள்ளி. அது 11 வருடச் சேவைக்குச் சமம், பழைய திட்டப்படி அடிப்படைச் சம்பளத்தில் 28 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அதுவும் கையில் வருவது பொதுவாக 60 வயதில். 2008 ஜனவரிக்குப் பிறகு போர்ப்பணி போன்றவற்றுக்கு அழைக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு 90 நாளுக்கும் மூன்று மாதம் முன்னதாகக் கிடைக்கும். பணத்துக்காக மட்டும் யாரும் இந்தப் பாதையில் இருபது வருடம் நிற்கமாட்டார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டாலே தெரியும்.

இப்போது பதவி உயர்வு. பட்டம் வேண்டும், அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் சிப்பாய் நிலையில் சேரலாம், அதிகாரி ஆக முடியாது. கல்லூரியிலேயே ஆர்.ஓ.டி.சி. பயிற்சி வழியாகவோ, கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள விமானப்படை அகாடமி வழியாகவோ, பட்டத்துக்குப் பிறகு அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்தில் உள்ள அதிகாரிப் பயிற்சிப் பள்ளி வழியாகவோ உள்ளே வரலாம். மூத்த ரிசர்வ் அதிகாரிகளில் பெரும்பாலோர் முதலில் சில வருடம் முழுநேரப் படையில் இருந்துவிட்டுத்தான் ரிசர்வுக்கு மாறியவர்கள். விமானிகள் பயிற்சி முடித்த பிறகு பத்து வருடம் கடமைப்பட்டவர்கள், அதனால் அவர்கள் வருவதே முப்பது வயது தாண்டித்தான். நேராகவே ஒரு ரிசர்வ் யூனிட் தேர்ந்தெடுத்து விமானிப் பயிற்சிக்கு அனுப்புவதும் உண்டு, ஆனால் இடங்கள் குறைவு.

கேப்டன் வரை நான்கு வருடத்தில் ஏறக்குறைய எல்லோரும் வந்துவிடுவார்கள். மேஜரிலிருந்து தேர்வு வாரியம் உட்கார்ந்து கோப்பைப் பார்க்கும். கேப்டனோ மேஜரோ இரண்டு முறை தேர்வாகாமல் போனால் பொதுவாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு படிப்பு உண்டு: இளநிலையில் ஸ்குவாட்ரன் ஆபீசர் ஸ்கூல், மேஜர் நிலையில் ஏர் கமாண்ட் அண்ட் ஸ்டாஃப் காலேஜ், அதற்கு மேல் ஏர் வார் காலேஜ். மூன்றும் மேக்ஸ்வெல் தளத்தில்தான் இருக்கின்றன. ரிசர்வ் ஆட்கள் இவற்றை அஞ்சல் வழியில் படிக்கலாம். அந்தத் தாளைக் காட்டிய நண்பர் அந்தப் படிப்பின் கட்டுரைகளை விமான நிலைய ஓட்டல் அறைகளில் இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுதியதாகச் சொன்னார். கர்னல் ஆக ஏறக்குறைய இருபது, இருபத்திரண்டு வருடம். லெப்டினன்ட் கர்னல் பொதுவாக 28 வருடச் சேவையோடும் கர்னல் 30 வருடத்தோடும் வெளியேற வேண்டும்.

நம்மவர்களுக்கு விளங்காத ஒன்று, அங்கே பதவி என்பது ஓர் இடத்தோடு கட்டப்பட்டது. முழுநேரப் படையில் மேலிடம் உங்களை இடமாற்றம் செய்யும். ரிசர்வில் கர்னலுக்கான காலியிடம் எந்த ஊரில் இருக்கிறது என்று நீங்களே தேட வேண்டும். ஓஹாயோவில் வேலையும் வீடும் இருக்கும், கர்னல் இடம் கலிபோர்னியாவில் இருக்கும். மாதம் ஒருமுறை விமானம் ஏறிப் போய்விட்டுத் திரும்புபவர்கள் எத்தனையோ பேர். அதற்கும் மேலே போனால் பிரிகேடியர் ஜெனரல், மேஜர் ஜெனரல். அதற்குக் குடியரசுத் தலைவர் பெயரை முன்மொழிய வேண்டும், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். ரிசர்வ் ஜெனரல்கள் பலர் ஒரு முழுநேர ஜெனரலுக்குத் துணையாக இருந்து, அவர் இல்லாத நாட்களில் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொள்பவர்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில் ரிசர்வின் தலைவராக லெப்டினன்ட் ஜெனரல் ஒருவர். ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கும் நிலைக்கு வந்தவுடனேயே மாதம் இரண்டு நாள் என்ற பேச்சு செல்லாது. வார நாட்களில் ராத்திரி தொலைபேசி, மின்னஞ்சல், ஆட்களின் குடும்பப் பிரச்சினை எல்லாம் வரும்.

இத்தனையும் நடப்பதற்கு அடியில் ஒரு சட்டம் இருக்கிறது. 1994-ல் கொண்டுவந்தார்கள். ரிசர்வ் ஆள் பணிக்கு அழைக்கப்பட்டுப் போனால் முதலாளி அவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது. பொதுவாக ஐந்து வருடம் வரை போனாலும், திரும்பி வரும்போது தொடர்ந்து வேலையில் இருந்திருந்தால் எந்த இடத்துக்கு உயர்ந்திருப்பாரோ அந்த இடத்தையே தர வேண்டும். அந்தக் கர்னல் வங்கியிலும் சீருடையிலும் ஒரே நேரத்தில் இருக்க முடிவது அவர் திறமையால் மட்டும் வந்ததில்லை. இந்தச் சட்டம் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. மூன்றாவதாக, சனிக்கிழமைகளை விட்டுக்கொடுத்த ஒரு மனைவியும் பிள்ளைகளும்.

நம் நாட்டுக்கு வருகிறேன். இன்றைக்கு இந்திய விமானப்படையில், வேறு வேலை பார்த்துக்கொண்டே மாதம் சில நாள் வந்து அதிகாரியாகப் பணி செய்யும் வழி கிடையாது. இதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது 1939-ல் தொண்டர் ரிசர்வ் அமைத்து, பறக்கும் கிளப்புகளில் விமானம் ஓட்டிப் பழகியவர்களை எடுத்துக் கடற்கரைக் காவல் பிரிவுகள் தொடங்கினார்கள். முதல் பிரிவு சென்னையில்தான். பழைய வாபிட்டி விமானங்களில் வங்காள விரிகுடாவைச் சுற்றிப் பார்த்து வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ல் ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைச் சட்டம் வந்தது. அதன்படி டெல்லி, பம்பாய், சென்னை போன்ற நகரங்களில் துணை விமானப்படை ஸ்குவாட்ரன்கள் நடந்தன. பிறகு அவை வழக்கமான படையில் கலந்துவிட்டன. அந்த ஏற்பாடு தொடர்ந்திருந்தால் ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கும் உங்களைப் போன்ற எத்தனையோ இன்ஜினியர்களுக்கு இடம் கிடைத்திருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

டெண்டுல்கர் குரூப் கேப்டன் இல்லையா என்று கேட்பீர்கள். 2010-ல் அவருக்குக் கொடுத்தது கௌரவப் பதவி. அது ஒருவரைப் பெருமைப்படுத்தக் கொடுப்பது, விண்ணப்பித்து வாங்குவதில்லை.

உங்களுக்குப் பொருந்தும் வழி தரைப்படைப் பக்கம் இருக்கிறது: டெரிடோரியல் ஆர்மி. அதை 1949 அக்டோபர் 9-ஆம் தேதி தொடங்கிவைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. நம் ஓசூர் பக்கம் தொரப்பள்ளிக்காரர். ஞாயிற்றுக்கிழமை வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது, தெரிந்ததும் முகம் மாறும். இந்தப் படையின் கருத்தே நீங்கள் கேட்டதுதான். சொந்தமாகச் சம்பாதிக்கும் வேலையில் இருக்க வேண்டும், அதை விட்டுவிட்டு வரக்கூடாது. பட்டதாரியாக, 18-லிருந்து 42 வயதுக்குள் இருந்தால் அதிகாரி தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு, நேர்காணல், அப்புறம் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி., மருத்துவப் பரிசோதனை. அரசியல்வாதி சச்சின் பைலட் 2012-ல் இந்த வழியில்தான் அதிகாரி ஆனார். சேர்ந்தபின் முதல் வருடத்தில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, வருடம்தோறும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு வருடத்துக்குள் மூன்று மாதப் பயிற்சி. பணியில் இருக்கும் நாட்களுக்கு வழக்கமான ராணுவ அதிகாரியின் சம்பளம். லெப்டினன்ட் கர்னல் வரை சேவைக் காலத்தைப் பொறுத்து உயர்வு, கர்னலும் பிரிகேடியரும் தேர்வு மூலம். தேவை வந்தால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அழைப்பார்கள். கோயம்புத்தூரில் ஒரு பட்டாலியன் இருக்கிறது, ஆனால் அங்கேதான் போடுவார்கள் என்று நினைத்துச் சேரக்கூடாது.

ஓய்வூதியத்தை நம்பி இதில் இறங்க வேண்டாம். அதிகாரிக்கு 20 வருடம் உண்மையில் பணியில் இருந்த காலம் வேண்டும். வருடம் இரண்டு மாதக் கணக்கில் அது சேராது. அதிகாரி இடங்களும் ஓர் அறிவிப்புக்கு மிகச் சிலதான். எந்த வருடம் எத்தனை இடம் என்பது மாறும், அன்றைய அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.

இங்கே உங்களிடம் மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் பர்கூர் பக்கத்துப் பையன் ஒருவர் என்னிடம் வந்தார். உங்களைப் போலவே தனியார் கம்பெனி, ஷிஃப்ட் வேலை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். நேர்காணலில் முதல் கேள்வியே, உங்கள் கம்பெனி வருடம் இரண்டு மாதம் விடுமா என்பது. விடுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். கம்பெனியில் கேட்டபோது மேலாளர் பத்து நிமிடம் பேசாமல் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாராம், கடைசியில் "உன் லைனை யார் பார்ப்பது" என்று மட்டும் கேட்டார். ராணுவப் பணிக்குப் போனவரை மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும் என்று டெரிடோரியல் ஆர்மி சட்டமும் சொல்கிறது. எழுத்தில் இருப்பது வேறு, முப்பது பேர் கொண்ட ஒரு பிரிவில் அதை நடத்திக் காட்டுவது வேறு. அரசு ஊழியர்களுக்கு இது ஓரளவு சுலபம். அந்தப் பையன் பின்வாங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் வரிசையை மாற்றுங்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே உங்கள் மேலதிகாரியிடமும் மனிதவளப் பிரிவிலும் பேசுங்கள். முடிந்தால் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் அப்பா. முகாம் எந்த மாதம் என்பதை யூனிட்தான் முடிவு செய்யும். அது மே, ஜூனில் விழுந்தால் உங்கள் தோப்பில் பெங்களூரா மாங்காய் அறுவடையும் அப்போதுதான். கூழ் ஆலை லாரிக்கு ஆள் வைத்துக் காய் ஏற்ற யார் நிற்பார்கள், வியாபாரியிடம் யார் விலை பேசுவார்கள் என்பதை இப்போதே வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அந்த அமெரிக்க நண்பரின் தாளில் 49 விழுந்ததும் இப்படி ஒரு வீட்டுக் காரியத்தால்தான்.

முழுநேர விமானப்படை உங்கள் வயதுக்கு மூடிவிட்டது. பட்டதாரிகளுக்கான ஏஎஃப்கேட் தேர்வில் தரைப்பணிக்கு 20-லிருந்து 26 வயது, பறக்கும் பிரிவுக்கு 24. ஆனால் உங்கள் தம்பிக்குக் கதவு அகலத் திறந்திருக்கிறது. பட்டத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது, அதில் தேறினால் விமானப்படைத் தேர்வு வாரியம், நமக்குப் பக்கத்தில் மைசூரு. தேர்வானால் ஹைதராபாத் அருகே துண்டிகல் அகாடமி. தரைப்பணியில் குறுகிய காலப் பணி பத்து வருடம், நான்கு வருடம் நீட்டிக்கலாம். நிரந்தரப் பணி காலியிடத்தையும் தகுதியையும் பொறுத்தது. அக்னிவீர் வாயுவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது அதிகாரி நிலை இல்லை, நான்கு வருடப் பணி.

உங்கள் கம்பெனியில் சரி என்று சொல்லிவிட்டால் ஒரு ஞாயிறு காலை ஆறரைக்கு வாருங்கள். ஓட்டக் காலணி போட்டுக்கொண்டு வாருங்கள், பேச்சு அதற்கப்புறம். தம்பியையும் கூட்டி வாருங்கள்.